பட்டறைத் தெருவில் ஒரு புதன்கிழமை

பிப்ரவரி 27, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவை இனி எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் நீயே சிரிப்பாய். போனில் பேசலாம் என்றால், நீ எடுத்ததும் அம்மா பிடுங்கிக்கொண்டு யாரையோ திட்டுகிறாள். ஆகவே கடிதம்.

நீ அம்மாவுக்காகப் பெயர் கொடுத்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்தின் விண்ணப்பம் நகரமைப்பு ஆபீசில் என் மேசைக்கே வந்துவிட்டது. இன்னும் கட்டவில்லை, கட்ட அனுமதி கேட்கிறார்கள். இடம் பட்டறைத் தெருவின் கடைசி மனை. மாமா வேலை பார்க்கும், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் பட்டறைக்கு அடுத்த மதில். தொழிலுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு இல்லம் கட்டலாமா என்று நான் அறிக்கை எழுத வேண்டும். அனுமதிக் குழு அதைப் பார்த்து முடிவு செய்யும்.

இப்படிப்பட்டவற்றை நான் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாம் வருஷம் யாரோ ஒரு மகன் சத்தம் தாங்கவில்லை என்று புகார் எழுதுவார். நாலாம் வருஷம் பட்டறைக்கு நோட்டீஸ் போகும். அந்தத் தெருவில் நூற்றுச் சொச்சம் பேர் பிழைக்கிறார்கள், மாமா உட்பட. உன் வீட்டு அடுப்பு எரிவதும் அதில்தான்.

எங்கள் அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது, கோப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். “யார் வீட்ல மேடம் வயசானவங்க இல்ல? அப்படிப் பார்த்தா இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் பேனாவையே தொட முடியாது” என்றார்.

நேரில் வந்து சத்தத்தை அளந்துவிட்டுத்தான் எழுதுவேன். அம்மாவையும் பார்க்கலாம். என்றைக்கு வரட்டும்?

உன் தங்கை


மார்ச் 1, சனி

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கீழே ஆபீஸ் முத்திரை மட்டும்தான் இல்லை.

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று குளிப்பாட்டும்போது சொம்பால் அடித்துவிட்டாள். பயப்படாதே, அடி எனக்குத்தான். கொஞ்சம் அசந்தால் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுகிறாள். போன வாரம் மருந்துக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, “உள்பக்கம் பூட்டிக்குங்கக்கா” என்றார். பூட்டினேன். பூட்டிய வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர். நான் கடைக்குப் போய்ப் பதினோரு நாளாகிறது. மாமாதான் எல்லாம் வாங்கி வருகிறார், எல்லாவற்றையும் தப்பாக.

நீ எட்டு மாதமாக வரவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

நாலு இல்லங்களில் கேட்டுவிட்டேன். கைநீட்டுகிறவர்களைச் சேர்ப்பதில்லையாம். இவர்கள் மட்டும்தான், “கட்டி முடிச்சதும் கூட்டிட்டு வாங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்” என்றார்கள். அந்தப் பெண் அதைச் சொன்னபோது போனை வைத்துவிட்டு அழுதேன். இது உன் அறிக்கைக்கு வேண்டாம்.

புதன்கிழமை வா. அன்றைக்கு மாமாவும் வீட்டில் இருப்பார். அம்மாவை அவரிடம் விட்டுவிட்டு நாம் நிம்மதியாகப் பேசலாம். உனக்குப் பிடித்ததாகச் சமைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 7, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சமைத்தது நன்றாக இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

உன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், பதினொரு மணி முதல் ஒரு மணி வரை மனையின் நடுவில் மீட்டரை வைத்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தெட்டு டெசிபல். எங்கள் ஆபீசில் இதைவிட அதிகம். இரண்டு மணி நேரத்தில் ஒரு லாரி போயிற்று, மதில்மேல் ஒரு பூனை தூங்கிற்று. பட்டறைகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன; வெயிலுக்காக இருக்கும், ஆர்டரும் குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவுதான் சத்தம் என்றால் மறுக்கக் காரணமில்லை. அனுமதிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி குழு கூடுகிறது.

அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செருப்பு மாட்டும்போது உன்னிடம், “ஆபீஸ்காரம்மாவுக்குக் காப்பி குடுத்தியா?” என்று கேட்டாள். உன் முழங்கையில் இருந்த நகக் கீறல்களைப் பார்த்தேன். பார்த்ததும் என்ன சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை, உனக்கே தெரியும்.

உன் தங்கை


மார்ச் 15, சனி

அக்கா,

பிரஸ் பட்டறை முதலாளி ஆட்சேபம் எழுதியிருக்கிறார். இரண்டே வரி. “மேடம் சத்தம் அளந்தது புதன்கிழமை. எங்கள் தெருவுக்கு வார விடுமுறை புதன்கிழமை.”

விசாரித்தேன். மின்சாரப் பற்றாக்குறை இருந்த காலத்தில் தொழில் பகுதியில் தெருவுக்கொரு நாள் என்று விடுமுறையைப் பிரித்துக் கொடுத்தார்களாம். பற்றாக்குறை தீர்ந்த பிறகும் யாரும் மாற்றவில்லை.

நேற்று, வெள்ளிக்கிழமை, மறுபடி போனேன். எண்பத்து நாலு. சத்தத்தைக்கூட விடு. பெரிய பிரஸ் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் தரை குலுங்குகிறது. மீட்டரின் முக்காலி தானாக நகர்ந்தது. பட்டறை வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அன்னிக்கும் வந்தீங்களே மேடம், யாருமில்லாத வீட்ல பொண்ணு பாக்க வந்த மாதிரி!”

புதன்கிழமை வரச் சொன்னது நீ. உனக்குத் தெரியுமா? ஒரு வரியில் பதில் போதும்.

தங்கை


மார்ச் 17, திங்கள்

தங்கச்சி,

தெரியும்.

ஒரு வரி கேட்டாய், ஒரு வார்த்தையிலேயே சொல்லிவிட்டேன். மீதியையும் படி.

இருபத்திரண்டு வருஷமாக உன் மாமா புதன்கிழமைதான் வீட்டில் இருக்கிறார். எத்தனை புதன்கிழமை உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்! “வார நாள்ல எப்படிக்கா, ஞாயித்துக்கிழமைன்னா வரேன்” என்பாய். ஏன் எப்போது பார்த்தாலும் புதன்கிழமை என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கு மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டாய். நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. மாமா வீட்டில் இருப்பார் என்று கடிதத்திலேயே எழுதினேன். நீ என் வீட்டைக் கவனித்ததே இல்லை என்பதை நம்பி ஒரு காரியம் செய்தேன். பலித்தது.

மாமாவுக்கு நேற்றுதான் தெரியும். “ஏண்டி, என் சோத்துல நீயே மண்ணள்ளிப் போடுறியா?” என்றார். “உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீசு. எனக்கு இன்னும் எத்தனை வருஷம்னு சொல்லுங்க” என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தப் பிரஸ்ஸில் தகடு அடிக்கும் அச்சை மாட்டி மாட்டி அவருக்கு இடது காது போயே போய்விட்டது. இத்தனை வருஷமாக மனுஷர்கள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் உங்கள் ஆபீசுக்குப் போன வெள்ளிக்கிழமைதான் கேட்டதா?

வயதானவர்களுக்கு அந்த இடம் ஆகாது என்று எழுதப் போகிறாய். சரி. இங்கே என்ன நடக்கிறது என்றும் தெரிந்துகொள். சனிக்கிழமை அம்மாவை அடித்தேன். கையில், ஒரே ஒரு அடி. கதவின் கைப்பிடியை விட மாட்டேன் என்றாள். அடித்ததும் விட்டுவிட்டாள். அடித்தால் கேட்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த முதலாளியின் இரண்டு வரிக்குப் பதில் எழுத உனக்குத் தெரியாதா? அறிக்கையை அப்படியே விட்டுவிடு. உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

அக்கா


மார்ச் 19, புதன்

அக்கா,

நாளைக் காலை அறிக்கையைத் திரும்பப் பெறப் போகிறேன்.

நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட என்னால் மறுக்க முடியாது. ஷட்டர்கள் இறங்கியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் ‘கூடாது’ என்று எழுத வேண்டிவரும் என்று எனக்குள் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. ஆக நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த நாற்பத்தெட்டைத் தயாரித்தோம்.

ஆனால் எழுந்து நடக்க முடியாத அறுபது பேரை, தரை குலுங்கும் இடத்தில் படுக்கவைக்கலாம் என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் யாரும் இல்லை. அம்மாவும் இல்லை.

உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறேன். தேடுகிறேன் என்று எழுதும்போதே உன் சிரிப்பு கேட்கிறது.


மார்ச் 20, வியாழன், மாலை

மேலே உள்ளதை நேற்றே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. இன்று நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பத்தேகாலுக்கு அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். குழுத் தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஆறு நாளும் அளந்துட்டு வாங்க. அடுத்த கூட்டத்துல பாப்போம்” என்றார். மூன்று நிமிஷம் ஆயிற்று. அடுத்த கூட்டம் ஜூன் மாதம். இல்லத்துக்காரர்கள் வெளியே வந்ததும் உனக்குப் போன் செய்து சொன்னது என் காதில் விழுந்தது.

இரண்டரைக்கு மாமா என் ஆபீசுக்கு வந்தார், அம்மாவோடும் இரண்டு பைகளோடும். வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறார், சட்டையெல்லாம் எண்ணெய். “உங்கக்கா கொண்டுபோய் விடச் சொன்னா. நான் ஏன்னு கேக்கல. நீயும் என்னைக் கேக்காதம்மா” என்றார். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சின்னப் பையில் உன் கையெழுத்தில் ஒரு தாள். மேலே அன்புள்ள இல்லை, கீழே அக்கா இல்லை. “வெள்ளை மாத்திரை காலையில். மஞ்சள் சாப்பாட்டுக்குப் பிறகு. மாத்திரை என்று சொல்லாதே. கடினமானதைக் கொடுக்காதே, பல் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூமுக்குக் கூட்டிப் போ, அவளாகச் சொல்ல மாட்டாள். கோபம் வந்தால் அடுத்த அறைக்குப் போய்விடு.”

நான் அதைப் படித்து முடிப்பதற்குள் நாற்காலி நனைந்துவிட்டது. எனக்கு எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை. ஆபீசில் துப்புரவுப் பணி செய்யும் பெண்மணிதான் வந்து, “கக்கத்துல கை குடுங்க மேடம், கையைப் பிடிச்சு இழுக்காதீங்க” என்று சொல்லிக் கொடுத்து, புடவையும் மாற்றிவிட்டார்.

விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ‘எந்தத் தேதி வரை’ என்ற கட்டத்தை நிரப்பவில்லை. மேலதிகாரி அதைத் திருப்பி அனுப்பினார். “தேதி போடுங்க மேடம், சும்மா விட்டா எப்படி?” மார்ச் 28 என்று ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு அம்மாவை ஆட்டோவில் ஏற்றினேன்.

உனக்கு நாலு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

தங்கை