சீட்டை இறக்கினால் சரியாகிவிடாது

உத்திரமேரூர் பஜார் சைக்கிள் கடையில் புது டயர் வாசனை மூக்கில் ஏறியதுமே உங்கள் மேல் கோபம் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்த புருஷன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறதே, என்ன செய்ய?

இதே கடைக்குத்தான் அன்றும் வந்தோம், தையல் வேலைக்கு நான் போய்வர ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்க. ஓட்டப்போவது நான். ஏறிப் பார்த்தது நீங்கள்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடை வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ஷோக்கா கீதுமே" என்றீர்கள். நான் பையோடு நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் ஆறடி ஆள். நான் உங்கள் தோளுக்கும் கீழே. "எனக்குப் பெருசா தெரியுதேங்க" என்றேன்.

"பேஜார் பண்ணாதமே. சீட்டை எறக்கிக்கினா சரியாப் பூடும். அவசரத்துக்கு நானும் எடுப்பேன் இல்ல?"

நீங்கள் எங்கே எடுத்தீர்கள்? சீட்டைப் போகிற மட்டும் இறக்கியும் என் கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது. சீட்டை இறக்கினால் ஹேண்டில் கிட்டே வந்துவிடுமா? கையும் எனக்குக் கட்டை. சீட்டின் முனைக்கு நகர்ந்து, குனிந்தபடியேதான் இத்தனை வருஷமும் ஓட்டினேன். முதுகு வலிக்கிறது என்றால், "ஓட்டி ஓட்டிப் பயகிட்டா சரியாப் பூடும்" என்பீர்கள். உங்களுக்கு எல்லாமே தானாகச் சரியாகிவிடும்.

நிறுத்துவதென்றால் காலை ஊன்ற மதகோ மைல்கல்லோ தேட வேண்டும். ஒருமுறை நம் வாசலிலேயே சாய்ந்து விழுந்தேன். மறுநாள் எங்கிருந்தோ ஒரு கருங்கல்லை உருட்டி வந்து போட்டீர்கள். "இதுல கால வெச்சி எறங்கு." வண்டியை மாற்ற மனசு வரவில்லை, அவ்வளவு பெரிய கல்லை உருட்ட மட்டும் வந்தது!

போன மாதம் முதுகு ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. அந்த வண்டியை விடு, இல்லாவிட்டால் வேலையை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை நான் விடுவேனா? இன்று நம் மகளோடு கடைக்கு வந்தேன். அவளுக்கு உங்கள் உயரம். கடைக்காரர் நகர்த்திக் கொடுத்த வண்டியில் நேராகப் போய் உட்கார்ந்து, "நல்லாதாம்மா கீது" என்றாள்.

"எறங்குடி! ஓட்டப் போறது நானு!" கடையே திரும்பிப் பார்த்தது.

"சீட்டை வேணா எறக்கித் தரேம்மா" என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"சீட்டைத் தொடாதீங்க. சின்ன ஃப்ரேமா காட்டுங்க."

ஒவ்வொன்றாக நானே ஏறிப் பார்த்தேன். ஒன்றில் உட்கார்ந்தபடியே கால் ஊன்ற முடிந்தது. எட்டிப் பிடிக்காமலே ஹேண்டில் கைக்கு வந்தது, முதுகும் நிமிர்ந்தது. இவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை வருஷம்?

அதிலேயே வீட்டுக்கு வந்தேன். மகள் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள். இனி வாசலில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனாலும் என் கால் அந்தக் கல்லைத்தான் தேடிப் போனது.

"இன்னாத்துக்கும்மா இனிமே இது? தூக்கிப் போட்டுடவா?" என்றாள் மகள்.

"கெடக்கட்டும்" என்றேன்.

அதை உருட்டி வந்த அன்று உங்கள் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து கிடந்தது. எண்ணெய் தடவிக்கொண்டே உங்களைத் திட்டினேன். நான் இன்னும் திட்டி முடிக்கவில்லை.