சத்தியம் செய்ய வேண்டாம்

அன்புள்ள என்னங்கவுக்கு,

பெயரெழுதக் கை வரவில்லை. இதுவே இருக்கட்டும். நானும் பாப்பாவும் நலம். என் காய்ச்சல் விட்டுவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கப்பலில் நீங்கள் பேசும்போது பின்னால் நாலு பேர் மூச்சுவிடுவது இங்கே கேட்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. உங்கள் அக்காதான் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டினார். தொடையில் கட்டி, சீழ், "எந்தத் துறைமுகத்துல வாங்கினே?" என்று சமையல்காரர் சிரித்தது, உங்களைத் தனி அறையில் படுக்க வைத்தது எல்லாம். எந்தத் தப்புக்கும் போகவில்லை என்று பாப்பா தலைமேல் சத்தியம் செய்திருந்தீர்களே, அந்த இடத்தில் அக்காவின் குரல் உடைந்துவிட்டது. "உனக்கும் அக்குள்ல இதே கட்டி. என் தம்பிதான் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டிட்டுப் போயிருக்கான்" என்று அழுதார்.

நான் வாயே திறக்கவில்லை. காய்ச்சலில் எல்லாம் மிதந்தது. வேலையிடத்துச் சலவை அறையின் ஆவி வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி. வெள்ளைத் துவாலைகள் ஒவ்வொன்றாகக் கூரையை நோக்கி ஏறின. அவற்றுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றீர்கள். கூப்பிட்டால் வாய்க்குள் பஞ்சு. மூன்று நாள் அப்படியே கிடந்தேன்.

நாலாம் நாள் டாக்டரம்மா கட்டியைக் கீறி, சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார். என்ன வேலை என்று கேட்டார். உடற்பயிற்சிக் கூடத்தின் துவாலைகளைத் துவைக்கிறேன், ஈரத்தோடு வருவதை வெறுங்கையால் பிரிக்கிறேன் என்றேன். கூட வேலை செய்யும் ஒல்லிப் பெண், நம் ஒட்டடைக்குச்சிக்கு முழங்கையில் இரண்டு தடவை வந்ததையும் சொன்னேன். "இது கிருமி. தோலோட தோல் பட்டா போதும். புருஷன் பெண்டாட்டிக்குள்ள சுலபமா மாறும். அதுக்கு யாரும் தப்புப் பண்ணியிருக்கணும்னு இல்ல. முதல்ல யாருக்கு வந்தது?" என்றார்.

எனக்குத்தான்.

நீங்கள் விடுப்பில் வந்த இரண்டாம் நாளே அக்குளில் பட்டாணி அளவு ஒன்று இருந்தது. பிளாஸ்திரியைப் பார்த்துக் கேட்டீர்கள். ரவிக்கைத் தையல் உரசுகிறது என்றேன். பொய். போன விடுப்பில் எனக்கு இருமல் என்று ஒரு வாரம் கூடத்தில் படுத்தீர்களே, நினைவிருக்கிறதா? பதினோரு மாதம் கழித்துப் பத்தொன்பது நாள். அதில் ஒரு நாளைக்கூட விட எனக்கு மனசில்லை. நீங்கள் போன பிறகு அது தானாக வடிந்து ஆறியது. இப்போது பெரிதாகத் திரும்பி வந்திருக்கிறது.

நேற்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய் விரிப்புகளை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவனுக்கு எழுது" என்றார். இரவல் பேனாவும் அவருடையதுதான்.

கட்டியைப் பிதுக்காதீர்கள். மூடியே வையுங்கள். துவாலை, சவரக்கத்தி யாருக்கும் கொடுக்காதீர்கள். வலி போய்விட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நானும் என் பங்கை முடிக்கிறேன். இல்லையென்றால் நமக்குள்ளேயே மாறி மாறிப் பந்து விளையாடும் என்கிறார் டாக்டரம்மா. இந்தக் கடிதத்தைச் சமையல்காரரிடம் காட்டுங்கள். அந்த வெட்கம் என்னுடையது, நீங்கள் சுமக்க வேண்டாம்.

இன்று காலை மெத்தையை மாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன். பாப்பா அதன்மேல் படுத்து மேகம் எண்ணுகிறாள். இங்கே வெளிச்சம் மிக மெதுவாக நகர்கிறது.

கோபம் என்றால் கோபமாகவே எழுதுங்கள். திட்டியே நாலு பக்கம் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உடம்பு ஆறட்டும். கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி