என் அம்மாவின் பெயரை எழுத மறுத்தவருக்கு

சார்,

உங்கள் புத்தகம் பதுளைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மகள் அதை ஆங்கிலத்தில் பதிப்பித்து, எனக்கொரு பிரதி அனுப்பியிருக்கிறார். உறையைக் கிழித்ததும் உங்கள் கோட்டில் எப்போதும் அடிக்கும் சுருட்டு நாற்றம் வருமென்று நினைத்தேன். புதுப் பசை வாசனைதான் வந்தது. நின்றபடியே புரட்டினேன். அம்மா சொன்னது ஒரு சொல் பிசகாமல் இருக்கிறது. அதன் கீழே, 'ஊவா மலைத்தோட்டத்துப் பெண் தொழிலாளி ஒருவர்.' ஒருவராம்! எதிரில் இருந்திருந்தால் என்னிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் போலந்தில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி நடந்த காலத்தில் இங்கே வந்தீர்கள். நீங்கள் வரலாற்று ஆசிரியர், ஆனால் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தடை. வெள்ளைக்காரத் துரைமார் தேயிலைத் தோட்டங்களில் எங்களை வதைத்த கதையை எழுதப் போகிறேன் என்று சொன்னதால்தான் வெளிநாடு போக விட்டார்களாம். "எங்கள் அரசுக்கு அடுத்த வீட்டுப் பாவம் என்றால் ரொம்பப் பிடிக்கும்" என்று சிரித்தீர்கள். அப்போது நான் பசறையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறையில் உங்களுக்கு மொழிபெயர்க்க வந்து மாட்டிக்கொண்டேன்.

அப்பப்பா, நான் பட்ட பாடு! பஸ்ஸில் கடைசி இருக்கைதான் வேண்டும், யார் ஏறுகிறார்கள் என்று பார்க்க. அறையில் வானொலியைச் சத்தமாக வைக்காமல் பேச மாட்டீர்கள். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். சனங்கள் என்னை முறைப்பார்கள். தெமோதரையில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்றாரோ இல்லையோ, சட்டென்று மழையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். "அவர் உளவாளி இல்லை சார், வெறும் வாயாடி" என்றேன். "எந்த அரசாங்கத்துக்கும் முதலில் கிடைப்பவன் வாயாடிதான், டீச்சர்" என்றீர்கள்.

பிறகு நமுனுகுலப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே கூட்டிப்போனேன். அம்மா பிளேன்டீயும் கருப்பட்டியும் தந்துவிட்டு உங்கள் முன்னால் உட்கார்ந்தார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு என்ன மாறியது என்று கேட்டீர்கள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அம்மா போகத் தொடங்கியது சின்ன வயதில். யோசிக்காமல் சொன்னார்: "துரைமாரு போயிட்டாங்க, தோட்டம் இனி ஒங்களோடதுன்னு சொன்னாங்க. பெரட்டுல நிக்கிறது மட்டும் இன்னமும் நாங்கதான்."

நான் ஆங்கிலத்தில் சொன்னதும் உங்கள் பேனா நின்றுவிட்டது. பிறகு எழுதினீர்கள். அம்மா எட்டிப் பார்த்தார்.

"எம் பேர எழுதிக்கிட்டாரா?"

எழுதவில்லை என்றேன். பெயரை எழுதினால் ஆளைத் தேடி வருவார்கள் என்று நீங்கள் சொன்னதையும் சொன்னேன்.

"வரட்டுமே! இத்தன வருசமா எங்கள யாரு தேடி வந்தா? பிரஜாவுரிமை கெடையாது, ஓட்டுக் கெடையாது. தோட்டத்து செக்ரோல் புஸ்தகத்துல மட்டுந்தான் எம் பேரு இருக்கு. அதுவும் சம்பளத்த வெட்டுறதுக்கு. எழுதச் சொல்லு புள்ள."

அதையும் மொழிபெயர்த்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். எழுதவில்லை.

திரும்பும் வழியில் காரணம் சொன்னீர்கள். இளவயதில் ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றித் தொழிலாளிகளிடம் கேட்டு, பெயரோடு எழுதி வைத்திருந்தீர்கள். பொலிஸ் வீடு புகுந்து அந்தத் தாள்களை அள்ளிப்போனது. அதில் பெயர் இருந்தவர்களுக்கெல்லாம் வேலை போனது. ஒருவர் வீடு திரும்பவே இல்லை. "அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. கதவைத்தான் திறக்கவில்லை" என்றீர்கள். பிறகு நான் போய் இதைச் சொன்னபோது அம்மா கண் கலங்கினார். "பாவம் மனுசன். ஆனா அவுக ஊரு பயம் வேற, நம்ம கத வேற. அதச் சொன்னியா?" சொன்னேன். உங்களுக்குத்தான் ஏறவில்லை.

இப்போது உங்கள் மகளின் முன்னுரையைப் படித்து இன்னும் எரிச்சல். அம்மாவின் அந்த வரியில் உங்கள் தணிக்கைக்காரர்கள் 'இனி உங்களுடையது' என்று தொழிலாளிகளிடம் சொல்லி வைத்த தங்கள் ஆலைகளைப் பார்த்துவிட்டார்களாம். அதை மட்டும் வெட்டினால் புத்தகம் உடனே அச்சுக்குப் போகும் என்றார்களாம். நீங்கள் வெட்ட மறுத்ததில், அந்த ஆட்சி விழும்வரை புத்தகம் கிடப்பில் கிடந்திருக்கிறது. ஒரு தோட்டத்துப் பெண்ணின் ஒரு வரிக்காக உங்கள் வாழ்நாள் வேலையையே பணயம் வைத்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரை நான் என்ன செய்வது? கும்பிடுவதா, தலையில் குட்டுவதா? ஆட்சி விழுந்த பிறகாவது அந்தப் பெயரை எழுதியிருக்கக் கூடாதா, சார்?

தபால்காரரைக் கண்டால் அம்மா கேட்பார்: "போலந்துக்காரரு புஸ்தகம் வந்துருச்சா? எம் பேரு இருக்கா?" கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டார். வரும்மா, இருக்கும்மா என்றேன்.

நானும் இப்போது லயங்களுக்குப் போய்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வைக்கிறேன். முதலில் பெயரைக் கேட்கிறேன், அது அம்மாவுக்காக. பிறகு, பெயரைப் போடலாமா என்றும் கேட்கிறேன். அந்தக் கேள்வி உங்களுடையது, உங்கள் மீது எவ்வளவு கோபம் வந்தாலும் அதை விட முடியவில்லை.

இந்த மடலை இங்குள்ள ஒரு சஞ்சிகைக்குக் கொடுக்கிறேன். உங்கள் பெயரை இதில் ஓரிடத்திலும் எழுதவில்லை, கவனித்தீர்களா? எப்படியிருக்கிறது என்று நீங்களும் கொஞ்சம் பாருங்கள். அந்த வரியைச் சொன்னவர் பெயர் இருளாயி. கருப்பையா மகள் இருளாயி, நமுனுகுல மலையில் கொழுந்து பறித்தவர். தேடி வருகிறவர்கள் வரட்டும்.