பூவம் வாய்க்கால் கரையில் புதன்கிழமைக் கூட்டம்

நேற்று நெரவியில் ஒரு வீட்டின் பின்புறம் நம் பேனரைப் பார்த்தேன். ஆட்டுக் கொட்டகையின் மேல் மழைக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். 'குழந்தைகள் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் விழிப்புணர்வு முகாம்' என்ற எழுத்துகளில் பாதி வெளுத்துப்போயிருந்தது. தேதி வரவேண்டிய இடத்தில், ஒவ்வொரு முகாமுக்கும் நீ ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய வெள்ளைத் துணித் துண்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. இது எப்படி இங்கே வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அந்த மேடம்தாங்க குடுத்தாங்க. ஆடு நனையுதுன்னு ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். முகாம் முடிஞ்ச கையோட அவுத்துக் குடுத்துட்டாங்க."

அந்தப் பேனரைக் காணவில்லை என்று அலுவலகத்தில் நான் மூன்று நாள் தேடினேன். நீயும் என்னோடு சேர்ந்து தேடினாய். பீரோவுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாய்.

நீ போய்ப் பத்து மாதங்கள் ஆகின்றன. முகவரி இல்லாதவர்களுக்கு மடல் எழுதும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் நெரவியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டியது ஏனோ நியாயமாகப் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் வேலையில் சேர்ந்த புதிதில், குழந்தைகள் பாதுகாப்பையும் சுற்றுச்சூழலையும் எதற்கு ஒரே திட்டத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. "புள்ளைங்க நடந்து போற எடம்தானே சுற்றுச்சூழல்?" என்றாய். ஆராய்ச்சிப் படிப்பு முடித்து வந்தவளுக்கு அது பதிலாகவே தெரியவில்லை. நீ காரைக்கால் டவுன்காரி, மாதா கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவள். எந்த ஊருக்குப் போனாலும் யார் வீட்டிலாவது உனக்கு ஒரு டம்ளர் மோர் காத்திருக்கும். நமக்குள் 'வாங்க, போங்க' இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் எனக்கு 'யூனிவர்சிட்டி' என்று பெயர் வைத்துவிட்டாய்.

பூவத்தில் நடந்த பிளாஸ்டிக் சேகரிப்புப் போட்டிக்குப் படிவம் தயாரித்தவள் நான்தான். பெயர், வகுப்பு, எடை, இந்த மூன்றும் போதும் என்றாய் நீ. 'கிடைத்த இடம்' என்று நான்காவதாக ஒன்று வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இடம் தெரியாமல் வெறும் எடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வாதாடினேன். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன்.

மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பை நிறையக் கொண்டுவந்தார்கள். எட்டாம் வகுப்பு மகேஸ்வரி ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு சாக்கு கொண்டுவந்தாள். எல்லாம் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், காலிப் பாட்டில். படிவத்தில் 'பள்ளிக்குப் பின்னால்' என்று எழுதியிருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். பள்ளிக்குப் பின்னால் இரண்டு கோழிகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன.

"பழைய சாமான் கடையிலேருந்து வாங்கிட்டு வர்றா" என்றேன்.

"பழைய சாமான் கடைக்காரரு வாங்கித்தான் போடுவாரு. யாருக்குடி சும்மா குடுக்கறாரு?" என்றாய்.

நான் விடவில்லை. மகேஸ்வரியைத் தனியே கூப்பிட்டு மூன்று முறை கேட்டேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "வாய்க்கால் கரை மிஸ்" என்றாள். பள்ளிக்குப் போகும் குறுக்குவழி அது. படிவத்தில் பழையதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் திருத்தினேன். உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி எனக்கு.

பரிசளிப்பு அன்று சமுதாயக் கூடத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்தவளும் நான்தான். வாய்க்கால் கரையில் கிடந்த சாராய டம்ளர்களையும் பாட்டில்களையும் தனி ஒருத்தியாக அகற்றிய மாணவி என்று அவளைப் புகழ்ந்து வாசித்தேன். இரண்டாவது வரிசையில் அவளுடைய அம்மா தனம் கைதட்டிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டார். நான் அதைப் பார்த்தேன். ஆனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

திங்கட்கிழமை மகேஸ்வரி பள்ளிக்கு வரவில்லை.

நீதான் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து விஷயத்தை அறிந்து வந்தாய். தனத்தின் கணவர் குவைத்தில் டிரைவர். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக வளர்க்கும் பயம் தனத்துக்கு. மலிவான சரக்குக்காகத் தமிழ்நாட்டு எல்லை தாண்டி வரும் வெளியூர் ஆட்கள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. கரையில் ஒரு பாட்டிலைப் பார்த்தாலும் அன்றோடு படிப்பை நிறுத்திவிடுவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தார். அந்தக் குழந்தை நான்கு மாதமாக, அம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே எழுந்து போய், கரை முழுவதையும் பொறுக்கிச் சாக்கில் கட்டி மறைத்து வைத்திருக்கிறாள். நம் போட்டி அவளுக்குச் சாக்குகளைத் தள்ளிவிட ஒரு வழி. அவ்வளவுதான்.

பூவத்திலிருந்து என்னை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் இதையெல்லாம் சொன்னாய். ரோட்டோர டீக்கடையில் வண்டியை நிறுத்தினாய்.

"தப்புப் பண்ணிட்ட. சரி. இப்ப அழுவப் போறியா, டீ குடிக்கப் போறியா?"

"தனத்துகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றேன்.

"தனத்துகிட்ட எதுக்கு? புள்ளைகிட்ட கேளு. பெரியவங்ககிட்ட கேக்கறது சுலபம், அதான் அங்க ஓடற."

மறுநாள் போய்க் கேட்டேன். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது இத்தனை கஷ்டம் என்று நான் நினைத்ததில்லை. "நீங்க கேக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மிஸ்" என்றாள். பிறகு, நாம் பரிசாகக் கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "இத எடுத்துட்டுப் போயிடுங்க. இதுவும் பிளாஸ்டிக்தானே." வாசலில் நின்றிருந்த நீ சிரிப்பை அடக்க முடியாமல் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வெளியூர் ஆட்கள் கரையில் குடிப்பதைத் தடுக்க வேண்டும் என்று இரண்டு பக்க மனு எழுதி உரிய அலுவலகத்தில் கொடுத்தேன். நீ உனக்குத் தெரிந்ததைச் செய்தாய். குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் புதன்கிழமைக் கூட்டத்தைச் சமுதாயக் கூடத்திலிருந்து வாய்க்கால் கரைக்கு மாற்றினாய்.

"குடிக்கிற எடத்துக்குப் புள்ளைங்கள அழைச்சிட்டுப் போவியா?" என்று சண்டை போட்டேன்.

"புள்ளைங்கள யாரு கூப்புட்டா? அம்மாக்கள்தான் வருவாங்க. அஞ்சு மணிக்கு வயல்லேருந்து அந்த வழியாத்தான் வர்றாங்க. கூடத்துக்கு வாங்கன்னா அஞ்சு பேரு. கரையில உக்காருங்கன்னா பாரு."

பதினெட்டுப் பேர் வந்தார்கள். பாய் விரித்து, நீ கொண்டுவந்த சுண்டலைப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தாய். தனம் ஓரமாக உம்மென்று உட்கார்ந்திருந்தார். நான் குழந்தைகள் உதவி எண்ணைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது புளியமரத்துப் பக்கமிருந்து ஏழு பேர் வந்தார்கள். எல்லை தாண்டி வந்தவர்கள் மூன்று பேர்தான். அவர்கள் கூட்டத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். மற்ற நான்கு பேருக்குத் திரும்ப வழியில்லை. அவர்கள் பூவத்துக்காரர்கள். முன்னால் வந்தவர் கையில் கறுப்புப் பாலிதீன் பையோடு நின்றார். தனத்தின் சொந்தக் கொழுந்தன்.

"என்ன சேகரு, இந்தப் பக்கம்?" என்றார் தனம்.

"இல்ல அண்ணி... மீட்டிங்குன்னு சொன்னாங்க. சும்மா வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு வாழப்பழம் வாங்கியாந்தேன்."

நீ எழுந்து கையை நீட்டினாய். "நல்லதாப் போச்சு தம்பி. குடுங்க, எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துடுவோம்."

"வேணாங்க. பழம் அவ்வளவு நல்லா இல்ல. கனிஞ்சுபோச்சு."

"கனிஞ்ச பழம்தான் நல்லது" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "எங்க வூட்டுக்காரரும் அதேபோல ரெண்டு பழம் வச்சிருக்காரு பாருங்க, வேட்டி மடிப்புல."

முதலில் சிரித்தது தனம்தான். பிறகு கரையே சிரித்தது. சேகர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சிரித்து முடித்ததும் தனம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதத்தான் அது சொல்லாம வச்சிருந்துச்சா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். மகேஸ்வரி டம்ளர்களை மட்டும் மறைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சித்தப்பாவையும் சேர்த்தே மறைத்திருந்தாள். ஊரே வெளியூர்க்காரர்கள் என்று சொன்னதை நானும் விசாரிக்காமல் மனுவில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு குழந்தையிடம் மூன்று முறை கேட்டவள், ஊரை ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

புதன்கிழமை மட்டும் என்றிருந்த கூட்டம் பெண்களுக்குப் பிடித்துப்போய்த் தினமும் என்றானது. கூட்டம் என்ன, வயலிலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்து ஊர்க் கதை பேசுவதுதான். ஆனால் அண்ணியும் அத்தையும் சின்னம்மாவும் உட்கார்ந்திருக்கும் கரையில் எவனும் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் தனம் தானே மகளைக் கரை வழியாகப் பள்ளிவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவந்தார். அன்று காலை நீயும் நானும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். மகேஸ்வரி எந்த டம்ளரையும் தேடாமல், நிமிர்ந்து நடந்து போனாள். அந்த வழியில் அவள் அப்படி நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் மனுவுக்குப் பல மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. குறிப்பிட்ட இடத்தை நேரில் ஆய்வு செய்ததாகவும், அங்கே மது அருந்துவோர் எவரும் இல்லை என்றும், பெண்கள் சிலர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார்கள். நீ அதைக் கரையில் எழுந்து நின்று செய்தி வாசிப்பதுபோல் வாசித்தாய். "சிலர்" என்ற இடத்தில் பெண்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று இருபத்திரண்டு பேர் இருந்தோம் என்றார்கள்.

நான் இன்னும் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள்தான். ஒரு கூட்டத்தால் ஊர் திருந்திவிட்டது என்று எந்த அறிக்கையிலும் எழுதமாட்டேன். அந்த நான்கு பேரும் வேறு எங்கோ உட்கார்ந்து குடித்திருப்பார்கள். ஆனால் படிவத்தின் நான்காவது கட்டத்தை நானே அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, ஒரு குழந்தை எதையாவது சொன்னால், "இத நான் யார்கிட்டல்லாம் சொல்லலாம்?" என்று கேட்கிறேன். ஆபத்தான விஷயம் என்றால் என்னால் மறைக்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரிந்த பிறகும் பேசுகிறார்கள். நீ எனக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, நானே கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்.

போன வாரம் மண்டபத்தூர்க் கடற்கரையில் பிள்ளைகளோடு குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி என் முந்தானையை இழுத்துத் தனியே கூட்டிப்போய் ஒரு விஷயம் சொன்னாள். பயப்பட ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் அவளுக்கு அது மிகப் பெரியது. வழக்கம்போல, யாரிடமெல்லாம் சொல்லலாம் என்று கேட்டேன். அம்மா வேண்டாம், அண்ணன் வேண்டாம், டீச்சர் வேண்டவே வேண்டாம் என்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு யோசித்தாள்.

"ஒங்ககூட எப்பப் பாத்தாலும் சண்ட போடுவாங்கல்ல, ஒரு அக்கா. அவங்ககிட்ட வேணா சொல்லிக்கங்க."

"அந்த அக்கா செத்துப்போயிட்டாங்களேம்மா" என்றேன்.

"தெரியும் மிஸ். அதான். அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்கல்ல."

இந்த மடலை வேறு யாராவது படித்துவிடக்கூடும் என்பதால் அது என்னவென்று இங்கே எழுதவில்லை. செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. இருந்தாலும் அனுமதி கிடைத்த ஒரே ஆள் நீதான். அன்று மண்டபத்தூரிலிருந்து காரைக்கால் வரைக்கும், எதிர்க்காற்றில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒன்று விடாமல் உன்னிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.