ஒத்தக்கால் சிக்குன்குனியா

அண்ணே,

நேற்று ஆரப்பாளையத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் ஒற்றை விசில் அடித்தார். என் இடது தொடை தானாக இறுகிக்கொண்டது. இரட்டை விசில் வருகிறவரை டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இந்தக் கால் இன்னும் உங்கள் பேச்சைத்தான் கேட்கிறது.

ஊரே சிக்குன்குனியாவில் படுத்துக் கிடந்த வருஷம் அது. நான் டிரைவர், நீங்கள் கண்டக்டர். ஆரப்பாளையத்துக்கும் ஒத்தக்கடைக்கும் ஒரே தனியார் பஸ்ஸில் ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தோம். என் இடது முழங்கால் வீங்கியதும் எனக்கும் அதுதான் என்று நானே முடிவு கட்டி, நிலவேம்புக் கஷாயத்தைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். கண் சிவந்தபோது மெட்ராஸ் ஐ என்றேன். காலைக் கையால் தூக்கிக் கிளச் மேல் வைக்கிற நிலைமை வந்தும் வாயைத் திறக்கவில்லை. கிளச் மிதிக்க முடியவில்லை என்று முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேறு டிரைவர் ஏறிவிடுவான். வண்டி ஓட்டுவதை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது.

உங்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. “ஊருக்கெல்லாம் அம்புட்டு மூட்டும் வலிக்குது. உனக்கு மட்டும் அதென்ன மாப்ள, ஒத்தக்கால் சிக்குன்குனியா?” என்று கேட்டீர்கள். மறுநாளே என்னையும் என் மனைவியையும் மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போனீர்கள்.

“இந்த ஒரு மாசத்துல வயித்துப்போக்கு இருந்துச்சா?” என்று டாக்டர் கேட்டார். முழங்காலுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? “அதெல்லாம் இல்ல சார்” என்றேன்.

“பொய் சொல்லாத மாப்ள. கெடாவெட்டு விருந்துக்குப் போய்ட்டு வந்து, மூணு நாளு பஸ்ஸை நிறுத்திட்டு நிறுத்திட்டு ஓடுனியே” என்றீர்கள். அதோடு விட்டீர்களா? “சார், ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுனும் சொன்னான்” என்றும் போட்டு உடைத்தீர்கள். என் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முன்பு லாரி ஓட்டி, பல லாட்ஜில் தங்கிய டிரைவர் நான். அவள் என்ன நினைப்பாள் என்று எனக்கு வியர்த்துவிட்டது.

டாக்டர் சிரிக்கவில்லை. வயிற்றில் வந்த கிருமி போய்விட்டது, அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு இப்போது மூட்டையும் கண்ணையும் சேர்த்துத் தாக்குகிறது, அந்த எரிச்சலும் இதில் வரும் என்றார். ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர் சொன்னார். வேறு தொற்று இல்லை என்று உறுதி செய்ய ரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்க்கச் சொன்னார். முழங்காலில் ஊசி போட்டு நீரை எடுத்தார். கண்ணைக் காட்டத் தனிச் சீட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை, மூன்று வாரம் ஓய்வு, பிறகு பயிற்சி. “பயப்படாதீங்க, பெரும்பாலும் சில மாசத்துல சரியாயிரும்” என்றார்.

பரிசோதனையில் வேறு எதுவும் இல்லை. ஆனாலும் உங்களோடு பதினோரு நாள் பேசவில்லை. தினமும் வேலை முடிந்து, என் முழங்காலில் வைக்க ஐஸ் வாங்கிக்கொண்டு வருவீர்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். “அந்த அண்ணன் சொல்லலைனா நீங்க வாயத் தொறந்திருப்பீகளா?” என்று மனைவி என்னைத்தான் திட்டினாள்.

பன்னிரண்டாவது நாள் முதலாளி ஆள் அனுப்பி, “சிக்குன்குனியா எப்படி இருக்கு? மெதுவா வரட்டும்” என்று விசாரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாயந்திரம் நீங்கள் வந்தபோது கேட்டேன்.

“டாக்டர்ட்ட பொய் சொன்னா காலு போயிரும். மொதலாளிட்ட நெசத்தச் சொன்னா வேலை போயிரும், அதான் ஊருக்கே வந்த சிக்குன்குனியான்னு சொல்லி வச்சேன். எங்க எதச் சொல்லணும்னு ஒனக்குத் தெரியல மாப்ள” என்றீர்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன எனக்கு.

வேலைக்குத் திரும்பியதும் ஒத்தக்கடையில் வண்டி நிற்கிற பத்து நிமிஷமும் உங்கள் ராஜ்ஜியம். பின் சீட்டில் என் காலை நீட்டி, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைப்பீர்கள். ஒற்றை விசிலுக்கு நான் தொடையை இறுக்கித் துண்டை அழுத்த வேண்டும். உங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் பத்து எண்ணி, இரட்டை விசில் அடித்தால் விட வேண்டும். வண்டி கிளம்புகிறது என்று ஓடி வந்து ஏறியவர்கள் நம் இருவரையும் திட்டித் தீர்த்தார்கள். ஐந்து மாதத்தில் வீக்கம் போனது. பிறகு ஒருமுறை எட்டிப் பார்த்தது, உடனே டாக்டரிடம் போனதால் அடங்கியது. இன்றும் விருந்துக்குப் போனால் கொதிக்க வைத்த தண்ணீரை எடுத்துப் போகிறேன். தினமும் காலையில் அந்தப் பத்து எண்களை, உங்கள் பாஷையிலேயே, எண்ணுகிறேன்.

நேற்று அதே டீக்கடைக்கு வேறு ரூட்டில் ஓடும் டிரைவர் ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். ஒரு கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது, சுளுக்கு என்றான். கண்ணும் சிவந்திருந்தது. “வயித்துப்போக்கு வந்துச்சாடா?” என்று கேட்டுவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. இல்லவே இல்லை என்றான். விடாமல் நம் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அங்கே போய்த்தான் தலையைக் குனிந்து ஒத்துக்கொண்டான்.

இன்று காலை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பரவாயில்லை அண்ணே. இன்னும் பத்து நாள்தான்.