அணைத்தும் அணையாத சுவிட்ச்

ஆடி 9, வெள்ளி.

மாடியில் இருக்கும் சோலார் பேனல்களிலிருந்து பேட்டரி இல்லாமல் நேராக வயர் இழுத்து, போன வாரம்தான் இவர் வெந்நீர் ஹீட்டருக்குக் கொடுத்தார்.

இன்று சாரல் விட்டு, மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது. தண்ணீர் கொதித்ததும் சுவிட்சை அணைத்தேன். ஹீட்டர் நிற்கவில்லை. சுவிட்சுக்குள் நீலமாக நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. பிளாஸ்டிக் உருகி வழிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஃபேன் நின்றது, நெருப்பு நிற்கவில்லை. மாடிக்கு ஓடி, தார்ப்பாயை இழுத்துப் பேனல்களை மூடினேன். கீழே வந்தபோது நெருப்பு இல்லை. சுவர் மட்டும் கறுத்துக் கிடந்தது.

சாயங்காலம் இவர் வந்து பார்த்தார். "ஏட்டி, வீட்டுக் கரண்டுக்குப் போடுத சுவிட்சு சோலார்ல வார டி.சி. கரண்டுக்குத் தாங்காது, அணைச்சாலும் உள்ள பொறி தாவிக்கிட்டே இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். பிறகு முகம் வெளிறி, "ஆய்க்குடியில அக்கா வீட்டுக்கும் இதத்தான் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார்.

உடனே அவளுக்குப் போன் போட்டோம். தனியாக இருக்கிறவள்.

"நல்லாத்தாம்லே வேலை செய்யுது. ரெண்டு நாளா சுவிட்சுகிட்ட தீஞ்ச வாடை வருது, அவ்வளவுதான்" என்று சிரித்தாள்.

"அதத் தொடாத அக்கா" என்று இவர் கத்தினார். மூட்டு வலியோடு அவளால் மாடி ஏறிப் பேனலை மூட முடியாது. வெயில் பட்டால் பேனலில் மறுபடியும் கரண்டு வந்துவிடும்; விடியுமுன் நாங்கள் அங்கே இருக்க வேண்டும்.

வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மலைப் பக்கம் ஒரு மேகம்கூட இல்லை.