தண்ணி புடிக்கிது

ஏறாவூர்,
17.01.2025

அன்புள்ள வதனிக்கு,

இங்கே நானும் உம்மாவும் சுகம். ஜெனீவாக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், ஆறுதலாக விசாரிக்க இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ என் குரலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவள். அதனால்தான் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்தை யாராலும் வேகமாக வாசிக்க முடியாது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்.

வதனி, நான் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன்! பத்து வருடமாகப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அத்தனை வருடமும் அடுத்தவர்கள் கண்டுபிடித்ததைத்தான் கரும்பலகையில் எழுதினேன். இப்போது எனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது, அதுவும் நம்முடைய வாவிக்குள்ளேயே. ஒரு கிழமையாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்மா எனக்கு ஏதோ கல்யாணப் பேச்சு வந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறார்.

போன சனிக்கிழமை காலை முகத்துவாரத்தடிக்குப் போயிருந்தேன். மார்கழி வெள்ளம் வடிவதற்காக மணல் திட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போக, கடல் தண்ணீர் உள்ளே வர, எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்று அளப்பதுதான் என் வேலை. அழகரத்தினம் அண்ணனின் தோணியில் போனேன். உனக்கு அவரைத் தெரியாது. வாவியிலேயே வளர்ந்த மனிதர், ஐம்பது வயதிருக்கும். இயந்திரம் பழுதென்று அன்றைக்குத் துடுப்புத்தான். காற்றுத் துளியும் இல்லை.

நடுவில் தோணி நின்றுவிட்டது. அவர் துடுப்பைப் போட்டுப் போட்டு இழுக்கிறார், தோணி அரைச் சாண் போகிறது, பிறகு யாரோ அடியில் கையை வைத்துப் பிடித்தது மாதிரி நிற்கிறது. தரை தட்டவில்லை, பாசியும் இல்லை, தண்ணீரின் மேல் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் எட்டித் தண்ணீருக்குள் பார்த்தேன். அவரோ வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, “தண்ணி புடிக்கிது தங்கச்சி, கொஞ்சம் சுணங்கும்” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தோணிக்குள் குடத்தைத் தேடினேன்! யார் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கிறீர்கள் என்றும் கேட்டு வைத்தேன். மனிதர் சிரித்த சிரிப்பில் தோணி கவிழப் பார்த்தது. “நாம தண்ணி புடிக்கல்ல தங்கச்சி, தண்ணிதான் நம்மளப் புடிக்கிது” என்றார்.

உடனே உப்பு அளக்கும் கருவியைக் கயிற்றில் இறக்கினேன். நாற்பது சென்ரிமீற்றர் வரைக்கும் குடிக்கலாம் போன்ற ஆற்றுத் தண்ணீர். அறுபதில் சுத்தக் கடல். இரண்டும் கலக்காமல் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கின்றன. தோணி போகும்போது அந்த இரண்டுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல், பெரிய அலை எழும்புகிறது. துடுப்புப் போடுகிறவனின் பலம் முழுவதும் அந்த அலைக்குப் போய்விடுகிறது, தோணிக்கு மிச்சமில்லை. வட துருவக் கடலுக்குப் போன கப்பல்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்பே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு ஆழம் குறைந்த வாவியில், வெறும் துடுப்புத் தோணிக்கு, எண்களோடு யாரும் அளந்ததாக என் கண்ணில் படவில்லை. நான் அளந்திருக்கிறேன்! ஞாயிறும் திங்களும் திரும்பப் போய் அளந்தேன். மூன்று நாளும் அதே கதை. நல்ல நாளில் நாற்பது நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் எடுத்தது, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சுணக்கம்.

இந்த இடத்தில் நீ வாசிப்பதை நிறுத்தியிருப்பாய். இரண்டு மணித்தியாலம் என்பது உனக்குப் பழக்கமான கணக்கு.

ஓம், வதனி. உன் கட்டுரையின் மூன்றாவது அட்டவணைதான். ‘வாவி மீனவர்கள் மாரி காலத்தில் நாளுக்கு இரண்டு மணித்தியாலத்தைத் தண்ணீர் பிடிப்பதில் செலவிடுகிறார்கள்.’ உன்னை ஜெனீவாவுக்குக் கொண்டுபோன வரி அது. அதை வைத்துத்தான் பதினான்கு தோணித்துறைகளில் குடிநீர்த் தொட்டி கட்டும் திட்டம் இந்த மாதம் இருபத்தெட்டாம் திகதி உன் நிறுவனத்தின் சபைக்கு வருகிறது.

அந்த விபரத்தை எடுத்தது நீ இல்லை. நான். இரண்டு வருடத்துக்கு முன் இதே தை மாதம் நீ டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய், உனக்குப் பதிலாகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு துறை துறையாக நான் போனேன். மண்ணெண்ணெய்க்கு வழியில்லாமல் எல்லோரும் துடுப்புக்குத் திரும்பியிருந்த காலம். வேலை ஏன் சுணங்குகிறது என்று கேட்டேன், சொன்னார்கள். நூற்றுப் பத்துப் பேரில் எழுபத்து மூன்று பேர் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். நான் அவசரத்தில் ‘தண். பிடி.’ என்று குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சுத்தமாக எழுதும்போது ‘தண்ணீர் பிடித்தல்’ என்று நீட்டினேன். நீ அதை ஆங்கிலத்தில் சரியாகத்தான் மொழிபெயர்த்தாய். பிழை உன் கைக்கு வருமுன்பே நடந்து முடிந்துவிட்டது.

எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று காட்ட அந்த வசனத்தில் இருந்ததே வினையின் வால் ஒன்றுதான். பிடிக்கிறோம் என்றால் நாம், பிடிக்குது என்றால் தண்ணீர். அந்த வாலை நான் வெட்டி எறிந்தேன். கடைத்தெருவில் வளர்ந்த எனக்குத் தண்ணீர் என்றால் குழாயும் குடமும்தான். அந்த மீனவர்களின் வீடுகளில்கூடக் குழாய் இருக்கிறது, வதனி! நானே அந்தக் குழாயில் முகம் கழுவியிருக்கிறேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை வந்ததும் பழைய தொலைபேசியைத் தேடி எடுத்தேன். இருபத்தொரு பேரின் குரல் இன்னும் அதில் கிடக்கிறது. ஒருவர் தவறாமல் “புடிக்கிது” என்கிறார்கள். ஒரு அம்மா, “மழ விட்டா மறுகா புடிக்கும்” என்று, மழை விட்ட பிறகுதான் எனக் காலநேரம்கூடச் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. என் கண்டுபிடிப்பை எழுபத்து மூன்று பேர் இரண்டு வருடத்துக்கு முன்பே என் காதில் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களுக்குத் தேவை தொட்டி இல்லை. முகத்துவாரத்தைக் கடக்காமல் இந்தக் கரையிலேயே மீனை இறக்க ஒரு துறையும், ஐஸ் வைக்க ஒரு கொட்டிலும் போதும் என்கிறார் அழகரத்தினம் அண்ணன். தொட்டி கட்டினால் அதில் யாராவது வலை காயப்போடுவார்கள். ஐந்து வருடம் கழித்து, இந்தச் சனத்துக்கு எது கொடுத்தாலும் பாவிக்கத் தெரியாது என்று இன்னொரு அறிக்கை வரும். அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பேசாமல் இருந்தேன். பங்குனியில் உன் வேலை நிரந்தரமாகுமா என்று தெரியும் என்பது எனக்கு மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை உன் அம்மா கல்லடியிலிருந்து பொங்கல் கொடுத்துவிட்டார், அதைச் சாப்பிட்டுக்கொண்டே உன்னைப் பற்றி இப்படி யோசிக்க வெட்கமாக இருந்தது. பேசாமல் விட்டுவிட்டால் என் கட்டுரையும் நிற்கும், உன் கட்டுரையும் நிற்கும், யாரும் இரண்டையும் சேர்த்து வாசிக்கப் போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த எண்ணம் எனக்கு வந்தது. ஆனால் நீ ஒருநாள் இரண்டையும் சேர்த்து வாசிப்பாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

இதோடு இன்னொரு கடிதமும் படம் பிடித்து வைத்திருக்கிறேன். உன் நிறுவனத்துக்கு நான் எழுதியது. பிழை என்னுடையது, எப்படி நடந்தது, குரல் பதிவுகள் எவை, எல்லாம் இருக்கிறது, கையொப்பமும் இருக்கிறது. அவர்களுக்கு நேரே அனுப்பவில்லை. நீதான் கொடுக்க வேண்டும், அதுவும் இருபத்தெட்டுக்கு முன். பிழையைத் தானே திருத்தியவள் என்று உன்னை அவர்கள் அறியட்டும். பிறகு என் எண்களையும் உன் அட்டவணையையும் அந்த ஒரு வினைச்சொல்லையும் வைத்து நாம் இருவரும் சேர்ந்து எழுதுவோம். உன் பெயர் முன்னால் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்படி ஒரு கட்டுரையை இந்த உலகத்தில் வேறு யாராலும் எழுத முடியாது, யோசித்துப் பார்!

நீ சபை முன் எழுந்து நிற்கும்போது அல்லாஹ் உன் குரலை நடுங்கவிடாமல் வைத்திருக்கட்டும். மாமாங்கக் கோயிலில் உன் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யும்படி உன் அம்மாவிடமும் கேட்டிருக்கிறேன். காரணம் சொல்லவில்லை.

இதை வாசித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நாளை முழுவதும் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பேன், சனிக்கிழமை வகுப்பிலும் வைத்திருப்பேன். அழைப்பெடுத்து வாய்க்கு வந்தபடி ஏசு, ஒரு சொல் திருப்பிப் பேசமாட்டேன். எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே, வதனி.

என்றும் உன்,
முப்லிஹா